ஓடிபி இனி உனக்கு வராது

என் அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரித்தால் நீ வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே இதைப் படிக்கும்போது தலையை மட்டும் ஆட்டு, போதும். தொண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டர் பேசக்கூடாது என்றுதான் சொன்னார், சண்டை போடக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. நீ கையை ஆட்டி ஆட்டியே தன் வீட்டை இரண்டாக்குவதாக உன் மகள் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த வாரம் இங்கே வர ரயில் டிக்கெட் போட்டுவிட்டாயாமே. இன்னும் சில மாதம் வகுப்பறைப் பக்கமே போகக்கூடாது, அவசரப்பட்டுப் போய்க் கத்தினால் குரல் அப்படியே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகும், "நான் இல்லன்னா நம்ம ஸ்கூல் டேப்லெட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று தாளில் எழுதிக் காட்டினாயாம். கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு நானே ரயிலேறி வந்து உன்னைத் திட்டியிருப்பேன். தலைமையாசிரியை லீவு போட்டால் ஊர் சிரிக்கும் என்று விட்டுவிட்டேன். உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அந்த டிக்கெட்டை என்ன செய்வது என்று யோசி.

நீ எதைத் தேடி வரிகளைத் தாண்டித் தாண்டிப் போவாய் என்று எனக்குத் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வி ஆபீஸிலிருந்து பார்வையிடும் குழு வந்து போய்விட்டது. சும்மா கிடக்கும் டேப்லெட்டுகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மிரட்டினார்களே, நம்முடையவை எங்கேயும் போகவில்லை. அத்தனையும் இங்கேயேதான் இருக்கின்றன. மூச்சு விட்டுக்கொள். எப்படி நடந்தது என்று நிதானமாகச் சொல்கிறேன்.

உன் ஆபரேஷன் நாளில் இங்கே நடந்த கூத்தை உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார், அதில் அவருக்கும் பங்கு உண்டு. அன்று காலை மூன்றாம் வகுப்பு டீச்சர் டேப்லெட்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு என் அறைக்கு ஓடி வந்தார். எதுவும் திறக்கவில்லை, எல்லாம் ஓடிபி கேட்கிறது என்றார். ஆரம்பத்தில் நீதானே எல்லாவற்றையும் உன் போன் நம்பரில் பதிவு செய்தாய். உனக்கு ஓடிபி வந்து, அதை நீ எங்களுக்குச் சொன்னால்தான் அவை அசையும். பழக்க தோஷத்தில் உனக்குப் போன் போட்டேன். எடுத்தது உன் அண்ணன். உன்னை அப்போதுதான் உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். இவர் வெளியே பெஞ்சில் உன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்திருக்கிற ஓடிபியைப் படியுங்கள் என்றேன். பொறுமையாக முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கு. பொண்டாட்டிக்குச் சொல்லலாம்னு போடல" என்று வைத்துவிட்டார். அன்று மூன்றாம் வகுப்பு முழுவதும் அணைந்துபோன கறுப்புத் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவரை மனதுக்குள் கொஞ்ச நேரம் வைதேன். அப்புறம்தான் உறைத்தது. உன்னை மேஜையில் படுக்க வைத்திருக்கிற நேரத்தில், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாமல் ஓடிபி கேட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடமே உன் கைப்பையில் இருந்திருக்கிறது. நீ அலுத்துக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்ததால் எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

மறுநாள் மாலை ஆசிரியர்களை உட்கார வைத்துப் பேசினேன். டேப்லெட் வந்த நாளிலிருந்து யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டேன், உங்களுக்கு இது எதற்கு வேண்டும் என்று. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிற டீச்சர் பட்டென்று, "எனக்கு வேண்டவே வேண்டாம் மேடம். என் பிள்ளைங்க இன்னும் பென்சிலையே சரியாப் பிடிக்கல" என்றார். சரி, வேண்டாம் என்றேன். அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை நாள் கல்வி ஆபீஸுக்குப் பயந்து வாரம் ஒருமுறை அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து உள்ளே வைத்திருக்கிறார். மூன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும் என்றார். நான் உன் நான்காம் வகுப்பில் வரைபடம் நடத்த எடுத்துக்கொண்டேன். பூட்டு சார் மட்டும் இடுப்பிலிருந்த பீரோ சாவியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நீ வைத்த பெயர் பொருத்தமான பெயர். ஐந்தாம் வகுப்பை நடத்துவதைவிட அந்த இரும்பு பீரோவைக் காப்பதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்க விடமாட்டார். இனி பீரோ சாவி அலுவலக ஆணியில் தொங்கும், அவரவர் வகுப்புக்கு உரியதை அவரவர் எடுத்து, அவரவரே சார்ஜ் போட்டு வைக்க வேண்டும், கீழே விழுந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், யாரும் யாரையும் திட்டக்கூடாது என்று முடிவு செய்தோம். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி நின்றார். பேட்டரி வீங்கிப்போனவற்றை ஒதுக்கிவிட்டோம். அவை பூட்டியே கிடந்து போனவை, உன் மேல் தப்பில்லை.

ஓடிபியைப் பள்ளிக்கூட போனுக்கு மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. மாற்றுவதற்கும் ஒரு ஓடிபி வேண்டுமாம், அதுவும் உன் போனுக்குத்தான் வந்தது. நீ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். இந்த முறை உன் அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். பேசுவது நான்தானா என்று சோதிக்க எங்கள் கல்யாணத் தேதியைக் கேட்டார். சொன்னேன். தேதி சரியா தப்பா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், "இந்த மாதிரி கோபமா மூச்சு விடுறது நீதான்" என்று சொல்லி ஓடிபியைக் கொடுத்தார்.

அதன் பிறகு வேலை ஓடியது. எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு டேப்லெட்டின் கண்ணாடி விரிசல் விட்டது, இன்னொன்றில் யாரோ பசை கொட்டினார்கள். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள், வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள், அவள் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வராந்தா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதையும் படித்துப் பதிவு செய்தாள். டீச்சர் என் அறைக்கு வந்து போட்டுக் காட்டினார். இருவரும் மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டோம்.

குழு வந்த நாளைச் சொல்கிறேன். காலையில் பூட்டு சார் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். முகமெல்லாம் பெருமை. "வர்றவங்களுக்குப் புதுசா தெரியணும்ல மேடம். நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் துடைச்சிட்டேன். உள்ளயும் ஒரே குப்பையா இருந்துச்சு, சுத்தம் பண்ணிட்டேன்" என்றார். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி இருக்கிறது. பாடம் இல்லை, பதிவு இல்லை, அந்தச் சிறுமியின் குரலும் இல்லை. எல்லாம் வரிசையாக ஓடிபி கேட்கின்றன. அந்த மனிதர் டேப்லெட்டில் தானாகக் கற்றுக்கொண்ட முதல் வித்தை அதை அழிப்பது.

திட்டக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். தான் செய்தது புரிந்ததும் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் வகுப்பு டீச்சர்தான், "அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு சார், இப்ப ஆளுக்கொண்ணா எடுங்க" என்றார். நான் பள்ளிக்கூட போனை வைத்துக்கொண்டு ஓடிபி வர வர வருகைப் பதிவு எடுப்பது போல உரக்கப் படித்தேன். அவர்கள் தட்டினார்கள். டேப்லெட்டே வேண்டாம் என்ற டீச்சரும் உட்கார்ந்து தட்டினார். உன் போன் நினைவு எனக்கு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவைப்படவில்லை.

இன்னும் நாலைந்து பாக்கி இருக்கும்போதே குழு உள்ளே வந்துவிட்டது. தலைமை தாங்கி வந்த அதிகாரி அம்மாள் என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் சமாளிக்க வார்த்தை தேடுவதற்குள் பூட்டு சாரே எழுந்து, தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சரி செய்ய யாரை அழைத்தீர்கள் என்று கேட்டார். "ஆள் எதுக்கு மேடம், நாங்களே போட்டுட்டோம்" என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்தச் சிறுமியிடம் பதிவு அழிந்துபோனதைச் சொன்னபோது, மறுபடி படிக்கவா என்று தலையாலேயே கேட்டுவிட்டு அதே மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். அதிகாரி அம்மாள் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் படித்து முடிக்கும்வரை கேட்டார்.

போவதற்கு முன் இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார். ஆசிரியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், என் வகுப்புக்கு நான், என் வகுப்புக்கு நான் என்றார்கள். "மத்த இடத்துல ஒரே ஆளைக் கைகாட்டுவாங்க. அந்த ஆள் லீவுன்னா பீரோவும் லீவு" என்று சொல்லி, அடுத்த வருடத்துக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். அவர்கள் வண்டி கிளம்பியதும் பூட்டு சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொன்னபோது யாரும் உன்னைக் குறிப்பிடவில்லை. மறந்து விடவில்லை, அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, கூடவே எங்கோ வலித்தது. உனக்கும் இதைப் படிக்கும்போது வலிக்கும். வலிக்கட்டும். இதெல்லாம் நடப்பது நீ விதைத்ததால்தான் என்று ஆறுதல் சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் நீ அடுத்த ரயிலைப் பிடிப்பாய்.

அதனால் நேராகவே சொல்கிறேன். இந்த டேப்லெட்டுகளுக்கு இனி நீ வேண்டாம். எனக்குத்தான் வேண்டும். தெருமுனையில் திரும்பும்போதே "அண்ணி" என்று நாலு வீடு கேட்கக் கூப்பிட்டுக்கொண்டு வருவாயே, அது இல்லாமல் வீடு வீடாக இல்லை. அந்தக் குரலை முழுசாக வாங்கிக்கொண்டு வா. எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். பாதிக் குரலோடு வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

டிக்கெட்டை உன் அண்ணன் கையில் கொடு. பேசாமல் இரு, நன்றாக இரு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அண்ணி