பறி கவ்விய வாய்

திங்கள்

வாடைக் காற்று. முட்டி போட்டால் ஏரித் தண்ணீர் கழுத்து வரை, சில்லென்று. வாங்க வேண்டியவை: துணி சோப்பு, புளி, விரலுக்குப் பிளாஸ்திரி (கெளுத்தி முள் குத்தியது).

பெரிய இறால் ஒன்று. என் கைக்கு அடியில்தான் துள்ளியது. பக்கத்தில் சேற்றைத் தடவிக்கொண்டு வந்த கஸ்தூரி லபக்கென்று பிடித்துத் தன் பறிக்குள் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை. எட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில்தான் இறால் தடவுகிறோம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இரண்டு கையும் சேற்றில், பிடித்ததைப் போடும் ஓலைப் பறி பல்லில். மனசுக்குள் மட்டும், 'இவளை விட்டுட்டு இவ புருஷன் ஓடினதுல தப்பே இல்ல' என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கஸ்தூரி எழுந்து நின்றாள். வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"இன்னா அண்ணி சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்?"

"சொன்ன. என் காது நல்லாத்தான் கீது."

கரையேறிப் போய்விட்டாள். ஊரிலேயே வாய் திறக்காதவள் நான். என்னைப் போய்!

செவ்வாய்

மேகம். க. (முழுப் பெயர் எழுத மனசு வரவில்லை) ஷேர் ஆட்டோவில் முன்சீட்டு. தண்ணீரிலும் நூறு அடி தள்ளி.

சாப்பிடும்போது வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஏன்யா, நான் மனசுல நினைக்கிறது வெளிய கேக்குதா?"

"இன்னிக்குத்தான் தெரியுமா உனக்கு?"

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். பறியைக் கவ்வியிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுகிறேனாம். பாத்திரம் தேய்க்கும்போதும். பஸ்ஸிலும்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. அப்புறம் உன் மனசுல இன்னா கீதுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அப்படியானால் மாமியார் இருந்தபோது... ஐயோ. ஆரம்பாக்கம் பஸ் கண்டக்டரின் மீசையைப் பற்றி... ஐயையோ.

புதன்

வெயில். நாள் முழுக்க என் வாயை நானே கவனித்தேன். ஒரு சத்தம் இல்லை. கவனிக்கிறவள் நான் என்றால் பேசுகிறவள் யார்? அவளும் நான் என்றால் எனக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? தலைவலி. இறால் ஏழே ஏழு.

கரையில் எதிர்வீட்டு மல்லிகா: "இன்னாக்கா, காலைலேர்ந்து 'பேசாத, பேசாத'ன்னு யாரை வெரட்டிக்கினு கீற?"

போச்சு.

க. என்னவெல்லாம் கேட்டிருப்பாள்? அவள் நடை, அவள் புடவை, அவள் குழம்பில் புளி. எட்டு வருஷம் அத்தனையும் கேட்டுவிட்டு, விடிந்தால் "வா அண்ணி" என்று வாசலில் வந்து நின்றிருக்கிறாள். புருஷன் பேச்சை மட்டும்தான் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. மாத்திரை போட்டேன்.

வியாழன்

காற்றே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு. தடவிக்கொண்டே நகர்ந்து க. பக்கம் போனேன். பறி பல்லில். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக யோசித்தேன். நாலாவது யோசிக்கையில், திரும்பிப் பார்க்காமலே அவள்:

"போதும் அண்ணி. மூணு தபா கேட்டாச்சு."

"கோவம் போச்சா?" பறியோடே கேட்டேன்.

"ரெண்டாவது நல்லாருந்துச்சு. மூணாவதுல 'இவகிட்டப் போய் நான் கெஞ்சணுமா'ன்னு ஒண்ணு வந்துச்சே, அது இன்னா?"

சிரித்துவிட்டேன். பறி நழுவி, பிடித்த இறால் பூராவும் ஏரிக்கே போயிற்று. அவளும் சிரித்தாள். பிறகு பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அந்த ஆள் பேச்சு மட்டும் வேணாம் அண்ணி."

"சத்தியமா இல்ல."

பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டு என் பக்கத்தில் முட்டி போட்டாள். நான் வாயை இறுக்கி மூடியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் பல்லிடுக்கில் ஒரு முனகல். காது கொடுத்தேன். இத்தனை வருஷம் என் சத்தத்தில் இது எனக்குக் கேட்டதே இல்லை.

"மூதேவி. மூணு நாளா பக்கத்துல வரணும்னு தோணிச்சா இவளுக்கு."