பட்டினி அட்டை

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

எலிக்கூடம் கழுவியதில் இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. காத்தாயி அக்கா மகளின் பிரசவத்துக்காகக் கறம்பக்குடி போய் இன்றோடு எட்டு நாள். பதினொரு வருடமாக எங்கள் கல்லூரி எலிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவர் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். "ரெண்டு மாசந்தானே மேடம், சமாளிங்க" என்றார்கள். சமாளிக்கிறேன். 'பிரகதீஸ்வரி, உதவிப் பேராசிரியர், மருந்தியல் துறை' என்ற என் பெயர்ப் பலகையில் 'கூண்டும் கழுவப்படும்' என்று சேர்த்துவிடலாம்.

மதியம் சந்தனராஜ் சார் திருச்சியிலிருந்து போன் செய்தார். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி; கே-17 மருந்தைத் தயாரித்துத் தருவதும் அவருடைய ஆய்வகம்தான். "இன்னொரு பன்னெண்டு எலியில மட்டும் செஞ்சு பாத்துருங்க. ரெண்டு தடவையும் ஒண்ணு போல வந்துட்டா யாரும் வாயத் தெறக்க முடியாது" என்றார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஜூன் 30 கடைசி நாள். எட்டாவது வருடம், இனி நீட்டிப்பு கிடையாது. பட்டம் வந்தால்தான் இணைப் பேராசிரியர் பதவி என்று முதல்வர் சொல்லியாகிவிட்டது. செய்துவிடலாம். நவம்பரில் அவ்வளவு அழகாக வந்தது இப்போது மட்டும் வராமலா போகும்?

பிப்ரவரி 18, செவ்வாய்

நாளை சோதனை. சாப்பிடும்போது சிவபிரகாஷ் (இலுப்பூர்ப் பள்ளியில் வரலாறு எடுப்பவர், என் கணவர், எப்போதும் வசமாகக் கேள்வி கேட்பவர்) திடீரென்று, "ஒன் மருந்து என்னதான் செய்யுது, எனக்குப் புரியிற மாதிரி ஒரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். மூளையின் செல்களில் ரிசெப்டர்கள் இருக்கின்றன. உடம்பு சுரக்கும் ஒரு பொருள் வந்து தொட்டால்தான் அவை வேலை செய்யும். சில ரிசெப்டர்களுக்கு அந்தப் பொருள் எதுவென்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவற்றை அநாதை ரிசெப்டர் என்பார்கள். என்னுடையது அப்படி ஒன்று. மூளை கண்ட மருந்தையும் உள்ளே விடாது, இரத்தத்துக்கும் அதற்கும் நடுவே காவல் உண்டு. கே-17 சின்ன மூலக்கூறு. காவலைத் தாண்டிப் போய் அந்த ரிசெப்டரை முடுக்கிவிடுகிறது. உடம்பு விறைத்துப்போன எலி மறுபடி அசைகிறது.

"அப்ப அந்த ரிசெப்டர் இத்தன நாளா சும்மாவா இருந்துச்சு?"

தெரியாது என்பதுதான் பதில். எட்டு வருடமாக அந்தப் பதிலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

சாயங்காலமே பன்னிரண்டு கூண்டிலும் பட்டினி அட்டை தொங்கவிட்டு வந்தேன். வாய்வழி மருந்து கொடுப்பதற்கு முந்தின இரவு தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். வயிறு காலியாக இருந்தால்தான் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி ஏறும்.

பிப்ரவரி 19, புதன்

இறங்கவில்லை.

விறைக்க வைக்கும் ஊசி போட்ட எலியின் முன்கால்களைத் தூக்கிக் கம்பிமேல் வைப்போம். சாதாரண எலி உடனே இறங்கிவிடும். விறைத்த எலி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கும் ஆள் மாதிரி அப்படியே நிற்கும். நவம்பரில் கே-17 குடித்த ஆறும் சராசரி முப்பத்தொரு விநாடியில் இறங்கின. இன்று ஆறில் ஐந்து மூன்று நிமிடம் தாண்டியும் நின்றன. மருந்து கலக்காத வெறும் கோந்துக் கரைசல் குடித்த ஆறுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கடைசி எலியிடம், "எறங்கித் தொலையேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதன் பிறகு எல்லாவற்றின் மூளையையும் இரத்தத்தையும் எடுத்து, ஐஸில் வைத்துத் திருச்சிக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

என்ன தப்பு செஞ்சேன்?

மார்ச் 3, திங்கள்

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். சார் சோதித்துப் பார்த்து, நவம்பரில் கொடுத்த அதே தூள்தான், சுத்தம் குறையவில்லை என்கிறார். தராசு சரி. அளவு சரி. எலிகளும் அதே பண்ணையிலிருந்து வந்தவை. மாறியது நான் மட்டும்தான் என்று தோன்றுகிறது. கை தவறி, மருந்து ஊட்டும் குழாயை மூச்சுக்குழலில் விட்டிருந்தால் எலி செத்திருக்கும், அதுவும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

திருச்சியிலிருந்து அறிக்கை வந்தது. மூளையில் கே-17 அளக்கும்படி இல்லை.

அப்படியானால் காவலைத் தாண்டவில்லை. நவம்பரில் தாண்டியது, பிப்ரவரியில் தாண்டவில்லையா? உள்ளே போன மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் புரதங்கள் மூளையில் உண்டு. அதைப் பற்றி நாலு கட்டுரை தரவிறக்கி வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்கத் தலைதான் வலிக்கிறது.

மார்ச் 24, திங்கள்

திருச்சி போய் வந்தேன். சார் நல்ல மனிதர், என்மேல் அக்கறை உள்ளவர். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

"ரெண்டாவது செட்ட ஓரமா வைங்க. டெக்னிக்கல் ஃபெயிலியர். எல்லாருக்கும் நடக்கும். நவம்பர் டேட்டாவ வச்சு எழுதி முடிங்க, ஜூன்ல சப்மிட் பண்ணுங்க."

"என்ன ஃபெயிலியர்னு தெரியலையே சார்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? மூணு மாசந்தான் இருக்கு."

பஸ்ஸில் வரும்போது அவர் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. கீரனூர் தாண்டியதும் பாதி நியாயமாகப் பட்டது. வீட்டுக்குள் நுழையும்போது ஒன்றும் தோன்றவில்லை, பசி மட்டும்தான் இருந்தது.

ஏப்ரல் 5, சனி

அட்டவணை தட்டச்சு செய்து கொண்டிருந்தேன். நவம்பரின் எடைகள்: முந்தின மாலை 212 கிராம், மறுநாள் காலை 211. அடுத்தது 206, காலையும் 206. அடுத்தது 219, காலை 220.

கை நின்றுவிட்டது. ஓர் இரவு முழுக்கப் பட்டினி கிடந்த எலி ஒரு கிராம் கூடுமா? பிப்ரவரியைப் பார்த்தேன். 215 — 198. 209 — 193. பட்டினி என்றால் இப்படித்தான் குறைய வேண்டும்.

இரண்டு பட்டியலும் என் கையெழுத்து. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒன்றரை மாசம் ஆகியிருக்கு. மருந்து அளவு கணக்குப் போட மட்டும் எடை பார்த்தால் இப்படித்தான்.

திருச்சி அறிக்கையை மறுபடி எடுத்தேன். மூளைக்கு அடுத்த பத்தியிலேயே இரத்தம். அதிலும் கே-17 ஒன்றுமில்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது. மருந்து மூளையின் வாசல்வரை போகவே இல்லை. குடலிலிருந்தே ஏறவில்லை. நான் மூன்று வாரமாகக் காவல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் எலிகள் எதையோ தின்றிருக்கின்றன. கொடுத்தது யார்?

ஏப்ரல் 10, வியாழன்

காத்தாயி அக்கா வேலைக்கு வந்துவிட்டார். பெண் குழந்தையாம். டப்பா நிறைய எள்ளுருண்டை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேதான் கேட்டேன், அந்தத் தைரியத்துக்காக.

"அக்கா, எலிக்கு நம்ம தீனி தவிர வேற ஏதாவது போடுவீங்களா?"

"மத்த நாளு போட மாட்டேங்க. அட்டை தொங்கவிட்ட அன்னைக்கி மட்டும், அஞ்சு மணிக்கிக் கெளம்பையில கூண்டுக்கு ஒரு பிடி கடலை."

மறைக்கவில்லை. முகத்தில் ஒரு பயமும் இல்லை.

"ஏன்க்கா?"

"அட்டை தொங்குனா மறுநா அதுக உசுரோட இருக்காதுல்லங்க? சாவப்போற உசுரு வெறும் வயித்தோட போவலாமா? எங்க கொல்லையில வெளைஞ்ச கடலைதாங்க மேடம், நல்ல கடலை. காலையில நீங்க வாரதுக்குள்ள தொலியெல்லாம் பெறக்கிக் கூண்டச் சுத்தமா வச்சிருவேன்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடக் கடவுளே. பதினோரு வருசமா? எத்தன பேரோட ஆய்வு, எத்தன பசங்களோட ப்ராக்டிகல்! பட்டினி போடணும்னு நான் அட்டைய மாட்டுறேன், அந்த அட்டையப் பாத்துத்தான் அந்தம்மா விருந்தே வைக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எள்ளுருண்டை டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. இன்னும் நாலு தின்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆத்திரம் வடிந்ததும் யோசிக்க முடிகிறது.

கே-17 தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். கடலையில் பாதி எண்ணெய். எண்ணெய் வயிற்றுக்குப் போனால் பித்தம் சுரக்கும், பித்தத்தில் கரைந்து மருந்து இரத்தத்தில் ஏறும், அங்கிருந்து மூளைக்கு. வெறும் வயிற்றில் கரையாமல் அப்படியே வெளியே போய்விடும். கோந்துக் கரைசல் எலிகளும் கடலை தின்றவைதான், அவை இறங்கவில்லை. ஆகவே கே-17 வேலை செய்கிறது, சாப்பாட்டோடு கொடுத்தால்.

இது நல்ல செய்தி. ஆனால் இதை எழுத வேண்டுமானால் எப்படித் தெரிந்தது என்றும் எழுத வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

சாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "இத எழுதாதீங்க" என்றார்.

"எழுதுனா விலங்கு நெறிக் குழு கேக்கும். உங்களுக்கு ஒரு மெமோ வரும். ஆனா மொதல்ல வீட்டுக்கு அனுப்புறது அந்த அம்மாவத்தான். அவங்க கான்ட்ராக்ட் தானே? யோசிங்க. நான் ஈஸ்டருக்கு ஆவூர் போறேன், தேர் முடிஞ்சு வந்து பேசுவோம்."

யோசிக்கிறேன். எழுதாவிட்டால் 'எலிகள் இரவு முழுவதும் பட்டினி வைக்கப்பட்டன' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படித்து இன்னொருத்தி இன்னோர் ஊரில் வெறும் வயிற்றில் கே-17 கொடுப்பாள், என்னைப் போலவே, "என்ன தப்பு செஞ்சேன்" என்று எழுதிக்கொண்டிருப்பாள். எழுதினால் பதினொரு வருடம் எலிகளைப் பிள்ளை போலப் பார்த்த ஒருவருக்கு வேலை போகும். சோதனையை மறுபடி செய்ய வேண்டும், என் பட்டமும் ஜூனில் இல்லை.

காத்தாயி அக்காமேல் பரிதாபப்படுகிறேனா, அல்லது அவரைக் காட்டி என் ஜூன் 30ஐக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேனா? இரண்டும்தான். எவ்வளவு எவ்வளவு என்று அளக்கத்தான் முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவரிடமே கேட்டேன். பட்டினி எதற்கு என்று முதலிலிருந்து சொன்னேன். வயிறு, எண்ணெய், இரத்தம், மூளை. பத்து நிமிடம்தான் ஆனது. பதினொரு வருடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை நானோ வேறு எவருமோ அவருக்குக் கொடுக்கவில்லை. "அட்டை தொங்குற கூண்டுக்குத் தீனி வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னோம். கடலை தீனி இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அதுக செத்தது வீணாப் போச்சுங்களா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"எழுதுனா வீணாப் போகாது. ஆனா ஒங்க வேலைக்கு ஆபத்துக்கா."

வெகுநேரம் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எழுதுங்க மேடம். நான் திருடலையே."

மே 6, செவ்வாய்

விலங்கு நெறிக் குழுக் கூட்டம். ஏழு பேர். நடந்ததை எழுதி நான் கொடுத்திருந்த கடிதத்தில் முதல் வரியே 'மேற்பார்வையில் தவறியது நான்' என்பதுதான். ஒருவர், "அட்டெண்டர் செஞ்சதுக்கு நீங்க ஏன் மேடம்?" என்றார். காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தவள் நான், காலை எடையைப் பார்த்தும் பார்க்காதவள் நான் என்றேன். அழவில்லை.

முடிவு: எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. காத்தாயி அக்காவுக்கு முறையான பயிற்சி, அதை நானே தர வேண்டும். வேலை இருக்கிறது. பழைய சோதனைகளின் எடைப் பதிவுகளை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடலை தின்ற எலி, தின்னாத எலி என்று பிரித்துச் செய்ய அனுமதி உண்டு, ஆனால் எலிகள் ஆகஸ்டில்தான் வரும்.

ஜூன் 30, திங்கள்

சமர்ப்பிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இணைப் பேராசிரியர் பதவி வைஷ்ணவிக்கு. என்னிடம் படித்தவள். இனிப்பு கொடுக்க வந்தபோது என்னைவிட அவளுக்குத்தான் கூச்சம். நன்றாக வாழ்த்தினேன். பிறகு கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். வலிக்குது, வேற என்ன சொல்ல.

சார் புதிதாகப் பதிவு செய்யச் சொல்கிறார். முதல் வருடத்திலிருந்து. படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கடலை தின்ற ஆறும் சராசரி முப்பத்தேழு விநாடியில் இறங்கின. பட்டினி கிடந்த ஆறும் மூன்று நிமிடம் நின்றன. சார் போனில், "பிரகதீஸ்வரி! பிரகதீஸ்வரி!" என்று என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் நடந்ததையும் எழுத வேண்டும்.

நேற்று மாலை காத்தாயி அக்காதான் தராசில் கடலையை நிறுத்து, அட்டை இல்லாத ஆறு கூண்டில் வைத்தார். மற்ற ஆறைப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டார். இன்று நான் வரும்போது எடைப் பதிவேட்டோடு நின்றார். 210 — 194. 217 — 199. ஆறும் ஒழுங்காகக் குறைந்திருந்தன.

"நான் போடலைங்க மேடம். வேணும்னா கூண்டப் பாத்துக்கங்க."

"பாக்க வேணாம்க்கா."

பதிவேட்டை என்னிடம் நீட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டார். நேற்று மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லையாம். "அதுக ஆறும் பட்டினி கெடக்கையில எனக்குச் சோறு எறங்கலைங்க."

கேண்டீனில் நாலு இட்லி வாங்கி வந்து எலிக்கூடத்து வாசலில் உட்கார வைத்தேன். முதல் இட்லிக்கு வேண்டாம் என்றார், பிறகு நாலும் போயிற்று. அவர் தண்ணீர் குடித்து முடித்துக் கை கழுவி வந்த பிறகுதான் முதல் எலிக்கு மருந்து கொடுத்தோம். கால அட்டவணைப்படி 9.00, கொடுத்தது 9.25. பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'மின்தடை' என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை.

'உதவியாளர் சாப்பிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.