எல்லா விடைகளையும் தவறாக எழுதிய என் தங்கைக்கு மறுதேர்வு வேண்டி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
(மனுவில் கூறப்படும் சிறுமியின் அக்கா)
பேருந்துப் பணிமனைக் குடியிருப்பு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
மீத்திறன் மாணவர் பள்ளித் தேர்வுப் பிரிவு.

பொருள்: என் தங்கையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவை அனைத்தையும், எங்களுக்குப் பாதகமானவை உட்பட, உண்மையாகவே இம்மனுவில் பதிவு செய்கிறேன். பிறர் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதியுள்ளேன். மரியாதைக் குறைவாக இருப்பின் பொறுத்தருள்க.

1. என் தங்கைக்கு வயது ஏழு. படிப்பதோ ஆறாம் வகுப்பு. எங்கள் அப்பா பேருந்து ஓட்டுநர். நெடுநேரம் வராத பேருந்துகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று அவள் பள்ளியில் சேரும் முன்பே அப்பாவுக்கு விளக்கினாள். ஒரு வண்டி சற்றுத் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும்; அந்தக் கூட்டத்தை ஏற்றுவதால் மேலும் தாமதமாகும்; பின்னால் வரும் வண்டி ஆளின்றி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் என்றாள். "அடி வாயாடி! இத்தனை வருஷமா நாங்க சிக்னலைத்தானே திட்டிக்கிட்டு இருந்தோம்!" என்று அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். இப்போது என் கணக்கு வீட்டுப்பாடத்தையும் அவளே சரிபார்க்கிறாள். அதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதினேன்.

2. இரண்டாம் வகுப்பில் அவளுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கால் தரையில் படாது. "குட்டிக் கிழவி" என்று பெயர் வைத்தார்கள். பழைய தோழிகளிடம் போனால், "நீ பெரிய கிளாஸ், போடி அங்க" என்கிறார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவள் நிலை. ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். அறை கொள்ளாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, சும்மா உட்காரு கண்ணு" என்றுதான் அவரால் சொல்ல முடிகிறது.

3. சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி விட்டதும், வகுப்புப் பெண்கள் அவளைக் கண்ணாமூச்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மகிழ்ச்சியில் அவள் என்னிடம் புத்தகப் பையைக் கொடுக்கக்கூட மறந்து ஓடினாள். விளையாட்டுச் சாமான் அறையில், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் ஒளிந்தாள். யாரும் அவளைத் தேடவில்லை. தேடாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அன்றைய விளையாட்டு. ஆள் இருப்பது தெரியாமல் காவலாளி விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டார். நானும் அம்மாவும் தேடிவந்து கதவைத் திறக்கவைத்தபோது, பாய்க்குப் பின்னாலிருந்து அவள் கிசுகிசுத்தாள்: "அக்கா, சத்தம் போடாதே. இன்னும் யாருமே கண்டுபிடிக்கல. நான்தான் ஜெயிச்சேன்."
என்ன நடந்தது என்று வழியில் அவளே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் வீடு வரை புத்தகப் பையை என்னிடம் தராமல் தானே சுமந்து வந்தாள்.

4. அடுத்த வாரம் தங்கள் அலுவலகத் தேர்வு நடந்தது. 'போதிய திறன் இல்லை' என்று முடிவு வந்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா சேத்துக்க மாட்டேங்கிறாங்க அக்கா. எதுவும் தெரியலன்னா சேத்துக்குவாங்கல்ல?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

5. ஐயா, அவளது விடைத்தாளைத் தயவுசெய்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். சரியா தவறா பகுதியில் ஒன்றுகூடச் சரியில்லை என்று முடிவுக் கடிதத்தில் தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். ஒன்றும் அறியாதவர் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் சில விடைகள் தாமாகவே சரியாகிவிடும். அத்தனையையும் தவறாகவே எழுத வேண்டுமானால் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே தோற்றாள், ஆனால் அரைகுறையாகத் தோற்க அவளுக்குத் தெரியவில்லை.

6. "மேல இருக்கிறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார் அப்பா. அம்மா அந்த முடிவுக் கடிதத்தை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். எனவே நான் எழுதுகிறேன்.

ஆகவே, அவளுக்கு மறுதேர்வு ஒன்று நடத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பள்ளியில் இடமே இல்லையென்றாலும், அவளைப் போன்ற இன்னொரு குழந்தை தங்களுக்குத் தெரிந்து எங்கேனும் இருந்தால் முகவரி தந்து உதவுங்கள். எந்த வயதானாலும் சரி. எவ்வளவு தூரமானாலும் அப்பா அழைத்துச் செல்வார். அந்தக் குழந்தை அவளை விடச் சற்றுக் கெட்டிக்காரியாக இருந்தால் நல்லது. ஒளிந்தால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அது போதும்.

இடம்: பள்ளி வாசிப்பறை
நாள்: காலாண்டுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அச்சிறுமியின் அக்கா

பின்குறிப்பு: அந்த நாளிலிருந்து காவலாளி ஒவ்வொரு அறையிலும், "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்த பின்பே பூட்டுகிறார். இப்போதும் வாசலில் நின்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த தங்கை எழுந்து என் வாயைப் பொத்தினாள்: "சத்தம் போடாதே அக்கா, தேடி வர்றாங்களான்னு பாப்போம்." ஜன்னல் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். விளக்குகள் அணைக்கப்பட்டு, கதவும் பூட்டப்பட்டுவிட்டது.