முகத்துவாரம் திறந்த பிறகு

பம்மல்,
ஞாயிற்றுக்கிழமை.

பிரசன்னா அப்பாவுக்கு ரோஸி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சினேகாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் நலமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் நாம் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். பேனாவை எடுத்தால் ‘நீங்கள்’ என்றுதான் வருகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

இப்போது நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பம்மலில் மீன் விற்க வரும்போது ஹஃபீசா அக்காவின் தையல் கடை ஓரமாகக் கூடையை இறக்கி வைப்பேன். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அக்காவின் தம்பி ஷாகுல் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். உங்கள் படகு நிற்கிற துறைமுகம் அவர் வேலை செய்யும் கடைக்குப் பக்கம்தானாம். தேடிப்பிடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

உங்கள் தம்பி ஜெபகுமார் இறந்த விவரம் உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அனுப்பிய மெசேஜை நீங்கள் பார்த்தது மட்டும் தெரிந்தது. ஊரில் இருந்து யார் யார் என்னென்ன சொன்னார்களோ. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழைக்காலம் முடியும்வரை முகத்துவாரத்தில் யாரும் வலை போடக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்தது உங்கள் எதிரில்தான். ஜெபகுமார் வீடு வீடாகப் போய் அதற்குச் சம்மதம் வாங்கினார். சினையோடு வருகிற மீனையும் குஞ்சையும் விட்டுவைத்தால்தான் நாளைக்கு மீன் என்றார். நாளைக்கு வரைக்கும் எதைத் தின்பது என்று நீங்கள் கேட்டீர்கள். நம்மிடம் இருந்தது முகத்துவாரத்தில் மட்டும் போடக்கூடிய அந்தப் பொடிக்கண் வலை ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் தம்பி பேச்சு அன்றைக்கு நின்றது. பிறகு நீங்கள் ஓமானுக்குப் போய்விட்டீர்கள்.

இந்த மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம். உங்களோடு பங்காளியாகத் தொழில் பார்த்த அந்தோணிசாமி அண்ணன் கட்டுப்பாட்டை மீறி முகத்துவாரத்தில் வலை இறக்கினார். ஜெபகுமாரும் எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தரும் அன்றைக்குக் காவல் முறை. ஊர்ப் படகில் போய் வலையைத் தூக்கச் சொன்னார்கள். முடியாது என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை. பிறகு அவரே தணிந்து, சரி தூக்குகிறேன் என்று படகைத் திருப்பினார். அலை உடைகிற இடம் அது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலை அவர் படகைத் தூக்கிவந்து ஊர்ப் படகின்மேல் போட்டது. வலை இழுக்க உதவலாம் என்று ஜெபகுமார் குனிந்திருந்தார். தலையில் அடி.

வேண்டுமென்று மோதவில்லை என்று ஷ்யாம்சுந்தரே போலீசில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தோணிசாமி அண்ணனை அழைத்துப் போனார்கள், பிறகு ஜாமீனில் வந்துவிட்டார். அவர் படகு மணலில் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. அதன் நிழலில்கூட யாரும் உட்காருவதில்லை.

ஜெபகுமாரைத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் கண் திறக்கவே இல்லை. கட்டினவள் என்று சினேகாவும், துணைக்கு நானும் வராந்தாவில் துணி விரித்துக் கிடந்தோம். ஒருநாள் காலையில் அவள் என்னிடம், “அக்கா, பசிக்குது” என்றாள். சொல்லிவிட்டு ஏதோ தப்பு செய்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஸ்டேஷன் பக்கம் போய் இட்லி வாங்கி வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து கூப்பிட்டார்கள். அவள் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனாள். நான் பொட்டலத்தை மடித்துக் குப்பையில் போட்டேன்.

அடக்கம் நம் ஊர்க் கல்லறையில்தான். உங்களுக்காகக் காத்திருக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். நீங்கள் போனை எடுக்கவில்லை. உங்கள் பங்குக்கு ஒரு பிடி மண் நான் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. மீன் அரியும்போது விரலை வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது.

பொங்கலுக்கு முன்னால் மாதா கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒரு உயிரை வாங்கின கட்டுப்பாடு நமக்கு எதற்கு, எடுத்துவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அப்போது அந்தோணிசாமி அண்ணன் எழுந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் பிரிட்டோவாண்ட போன்ல கேட்டுக்கினுதான் போட்டேன். ‘போடு மச்சான், எந்தம்பி இன்னா பண்ணிடுவான்’னு சொன்னான்.”

உங்கள் பெயரைக் கேட்டதும் ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. சினேகா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் பார்க்கவில்லை. பிறகு தலைவர் சினேகா பக்கம் திரும்பி, அம்மா, உன் வீட்டுக்காரர் கொண்டுவந்த கட்டுப்பாடு இது, வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே எடுத்துவிடுகிறோம் என்று அவளைக் கேட்டார். அவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

“எடுத்துட்டா அவரு எழுந்து வந்துருவாரா? மூடினது மூடினபடி கெடக்கட்டும்.”

அதோடு கூட்டம் கலைந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்து எனக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். உப்பு தீர்ந்துவிட்டது, தண்ணீர் லாரி வந்தது, கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும் என்று எல்லாம் பேசுகிறாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

தை பாதியில் முகத்துவாரத்தைத் திறந்தார்கள். ஜெபகுமார் சொன்னது நடந்துவிட்டது. மடவை மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இறாலும் நண்டும் ஏராளம். அன்றைக்குச் சின்ன வலை வைத்திருந்தவன்கூடச் சும்மா திரும்பவில்லை. சிலர் சிரித்தார்கள், எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். முதல் பங்கை எடுத்துவந்து சினேகா காலடியில் வைத்தார்கள். அவள் அதை என் கூடையில் அள்ளிப் போட்டு, வித்துட்டு வாக்கா என்றாள். சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைத் தெருவில் ஒரு ரிடையர்டான சார், இப்படி மடவை பார்த்து எத்தனை வருஷம் ஆச்சும்மா, எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். கொஞ்ச நாள் யாரும் பிடிக்காமல் விட்டுவைத்தோம் சார் என்றேன். நல்ல காரியம் என்றார். செதில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரசன்னா பள்ளிக்கூடம் போகிறான். கணக்கில் நல்ல மார்க். சித்தப்பா படத்துக்கு முன்னால் நின்று எதையாவது சொல்கிறான், என்னவென்று நான் கேட்பதில்லை. கூரை ஷீட் ஒன்று காற்றில் தூக்கிவிட்டது, ஷ்யாம்சுந்தர் வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். இப்போது ஒழுகவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கும் வீட்டுக்கு ஒரு ஆள் காவல் முறை போட்டிருக்கிறார்கள். ஆம்பளை இல்லாத வீடு என்று நம் வீட்டை விட்டுவிடலாம் என்றார்கள். சினேகா ஒப்பவில்லை. முறை வரும்போது தானே படகில் ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அலை உடைகிற அதே இடம். அவளைத் தனியாக விடுவதாக இல்லை, நானும் ஏறுவேன்.

உங்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தோணிசாமி அண்ணன் சொன்ன வார்த்தையை நீங்கள் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்று சொல்லுங்கள். சொல்லியிருந்தால், சொன்னேன் என்று சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். சினேகாவிடம் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் அவள் கேட்டுக்கொள்வாள். சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டு வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

வருவதாக இருந்தால் ஐப்பசிக்குள் வாருங்கள். நீங்கள் வந்தால் அந்தப் படகில் அவள் ஏற வேண்டியதில்லை.

வெயிலில் வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகாதீர்கள். மாதா உங்களைக் காப்பாற்றி, கரையில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ரோஸி