நானூறு பேர் கேட்கக் கருப்பண்ணன் சொன்ன பதில்

அன்புக் கண்ணு அருள்மொழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, ஆடு இரண்டு, வாசலில் காயப்போட்ட மிளகு எல்லாம் நல்லபடியாக இருக்கிறோம், என் பொறுமை ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நொய்டாவில் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா, வாங்கின ஸ்வெட்டரைப் போடுகிறாயா இல்லை பெட்டியிலேயே மடித்து வைத்திருக்கிறாயா என்று ஒழுங்காகப் பதில் எழுது. போனில் பேசலாமே, எதற்குக் காகிதம் என்பாய். போனில் நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் சிக்னல் போய்விடுகிறது, சிக்னல் இருக்கும்போது மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா என்கிறாய், அப்புறம் ஓகே மா என்று ஒரு மெசேஜ் வருகிறது. போனைப் பார்த்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எல்லாம் அந்த ஆன்லைன் பயிற்சியால் வந்த வினை. ஆறு நாள், காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. அது என்ன நேரம் என்று நீயே சொல், பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம்! தலைப்பு என்ன தெரியுமா, பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நம் பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருப்பதால் அங்கே சிக்னல் ஒரு கோடுகூட வராது, இருபது நிமிடம் மேடேறிக் கருப்பண்ணன் மாமாவின் வாழைத்தோட்டத்தில் குரங்கு விரட்டுகிற காவல் பரணுக்குப் போனால்தான் உண்டு. அங்கே உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் ஒரு பெட்டி முளைத்து இருக்கிறீர்களா என்று கேட்கும், ஒரு நிமிடத்துக்குள் இருக்கிறேன் என்று அமுக்க வேண்டும். மூன்று தடவை தவறவிட்டால் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாவிட்டால் ஆபீசுக்கு விளக்கம் எழுத வேண்டும். உன் கம்பெனியும் இந்த மாதிரிச் சமாச்சாரம்தானே செய்கிறது, அந்தப் பெட்டியை எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ, அது நீயாக மட்டும் இருந்துவிடாதே சாமி.

முதல் நாள் திங்கட்கிழமை. கூட இருக்கிற சுகுணா டீச்சருக்குப் பயிற்சி அடுத்த வாரம்தான், ஆனால் அன்றைக்குப் பார்த்து அவள் குழந்தைக்குக் காய்ச்சல், லீவு. சரி என்று சத்துணவு சமைக்கிற அம்மாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்து, படம் வரையச் சொல்லிவிட்டு, நோட்டும் கையுமாக மேடேறினேன். முதல் அரைமணி நேரம் நான் பேசுவது கேட்கிறதா கேட்கிறதா என்பதிலேயே போயிற்று. நானூறு பேரும் ஆளுக்கொரு காலை வணக்கம் அனுப்பினார்கள், அது ஓடி முடியவே இன்னொரு கால்மணி. பிறகு ஒருவர் திரையில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தார். நான் பெட்டி முளைக்க முளைக்க இருக்கிறேன், இருக்கிறேன் என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கீழே என்ன நடந்தது தெரியுமா. அஞ்சாம் வகுப்பில் கலைமணி என்று ஒரு பிள்ளை, வாய்ப்பாடு கேட்டால் கேள்வி முடியுமுன் பதில் வரும். அவள் அம்மா சின்னக்கண்ணுவும் அப்பனும் செங்கல் சூளைக்குப் போகிறோம், மழை வந்தால்தான் திரும்புவோம் என்றார்கள். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கலைமணியையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்து, என் மகள் கட்டில் சும்மாதான் கிடக்கிறது, பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். சின்னக்கண்ணு பிடி கொடுக்கவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அவளாகவே மனசு மாறித் துணிமூட்டையோடு பிள்ளையைக் கூட்டிவந்து வகுப்பு வாசலில் நின்றிருக்கிறாள். டீச்சர் பயிற்சிக்கு மேலே போயிருக்கிறார், எப்போது வருவாரோ தெரியாது என்று சமையல் அம்மா சொல்லியிருக்கிறார். பதினொரு மணி பஸ் ஹாரன் அடித்ததும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு மணிக்கு இறங்கி வந்தால் என் மேசைமேல் கலைமணி எடுத்துப்போயிருந்த நூலகப் புத்தகம் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் கண்ணு.

அன்று சாயங்காலம் மேட்டில் நின்று உன்னிடம் அழுதேனே, நீ என்ன சொன்னாய்? அந்தப் பட்டனை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் அம்மா, யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றாய். பயிற்சி நாட்களில் லீவு கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டதால் எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை சுகுணா வந்துவிட்டாள், வகுப்பை அவள் பார்த்துக்கொண்டாள். குரங்குக் காவலில் அன்று கருப்பண்ணன் மாமா முறை. பெட்டி வந்தால் அமுக்குங்கள், அவ்வளவுதான் என்று சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். இதென்னுங்க டீச்சரம்மா பெரிய காரியம், கொரங்கோட சேத்தி இதையும் பாத்துக்கறனுங்க, நீங்க போயிட்டு வாங்க என்றார்.

முள்ளுக்குறிச்சி தாண்டி அந்தச் சூளையைக் கண்டுபிடிக்கவே மதியமாகிவிட்டது. அடுக்கின கல் நிழலில் கலைமணி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னக்கண்ணு முழங்கை வரைக்கும் மண்ணோடு வந்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, நாங்க வந்து நின்னமுங்க டீச்சர், நீங்கதான் இல்லீங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, கைப்பிள்ளைக்கு மரத்தில் தூளி கட்டிக்கறேன் என்று சொல்லி, கலைமணியின் மூட்டையை எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை கட்டினபடியே இருந்தது, அதை அவிழ்க்கவே இல்லை.

இனி கேள் கூத்தை. நம் ஊர் முறைக்காவலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறதே, எந்தத் தோட்டத்துக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காவலில் இருப்பவர் குரல் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் தூங்கிவிட்டார் என்று கணக்கு. பயிற்சி நடத்தினவர் என் பேரைச் சொல்லி, கோகிலவாணி டீச்சர், ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். மைக் போடச் சொல்லி ஒரு பெட்டி முளைத்திருக்கிறது. முளைத்த பெட்டியை மாமா அமுக்கிவிட்டார். பேரைக் கூப்பிட்டாயிற்று, குரல் கொடுக்காமல் விடுவாரா? டீச்சரம்மா இங்க இல்லீங்க, வராமப் போன புள்ளையக் கூட்டியாரச் சூளைக்குப் போயிருக்காங்க, நாந்தானுங்க காவலுக்கு இருக்கறேன், ஏதாச்சும் சொல்லோணுமுங்களா என்று நானூறு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, வாழையில் குரங்கு இறங்கவே தகரத்தையும் தட்டியிருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும், உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, நான் கொரலு குடுத்துட்டனுங்க என்று என்ன பெருமை தெரியுமா அந்த மனிதனுக்கு! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மெமோ வந்துவிட்டது. பயிற்சியில் வேறு ஆளை உட்காரவைத்தது ஏன், ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது, அப்பா ராத்திரி சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருக்கிறார், மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிவிடு என்கிறார். சுகுணா, சிக்னல் போனதால் போனை மேட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று எழுதுங்கள், மலை என்றால் நம்புவார்கள் என்கிறாள். நீயும் அதையேதான் மெசேஜில் அனுப்பினாய். உங்கள் மூன்று பேருக்கும் சொல்கிறேன், நான் அப்படி எழுத மாட்டேன். கருப்பண்ணன் மாமா அத்தனை பேர் கேட்க உண்மையைச் சொல்லிவிட்டார், இனி நான் சிக்னல் என்றால் அந்த மனிதன் பொய்யன் ஆகிவிடுவார். அவர் சொன்னதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரிந்தவர்கள் யாரிடமும் போய் எனக்காகப் பேசி வைக்காதே.

கலைமணி உன் கட்டிலில்தான் படுக்கிறாள். உன் பழைய புத்தகப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன், அக்கா திட்ட மாட்டாங்களா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறாள். நேற்று அவளைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தை எழுதி முடித்தேன். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நான் இல்லாததற்கு ஆபீஸ் கேட்கிறது, அதற்கு எழுத எனக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் நான் இல்லாததை இதுவரை சொன்னவள் சின்னக்கண்ணு ஒருத்திதான். அவளுக்கு என்ன விளக்கம் எழுதுவது என்றுதான் இரண்டு நாளாகத் தெரியவில்லை கண்ணு.

அறப்பளீஸ்வரர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்தது நடந்து நல்லா இரு சாமி. சித்திரையில் பத்து நாள் லீவு போட்டு வா. இதைப் படித்துவிட்டுப் பட்டன் அமுக்குகிற மாதிரி ஓகே மா என்று அனுப்பாதே, உட்கார்ந்து நாலு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
பூ. கோகிலவாணி