கட்டுக்குள் ஒரு வெற்றிலைக் காம்பு

சார்,

இன்று காலை உங்கள் நம்பரிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரையில் உங்கள் பெயர், தொப்பி போட்ட உங்கள் படம். நீங்கள் கடலில் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். எதற்குத் துடைத்தேனோ தெரியவில்லை.

‘வணக்கம் அக்கா. இந்தக் கட்டு உங்கட எந்த ஊர்ப் பக்கம்?’ கூடவே ஒரு போட்டோ. ஆபீஸ் போனை உங்கள் இடத்துக்கு வந்த புது அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனாலும் கேள்வி உங்களுடையது, ஒரு எழுத்து மாறவில்லை.

மதுரையில் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் சேர்த்து நடந்த பயிற்சியில்தான் பழகினோம். நான் தேனி மாவட்டத்து ஏட்டம்மா, நீங்கள் இலங்கைப் போதைத் தடுப்பு அதிகாரி. எங்கள் மலையடிவாரத்தில் பொட்டலமாகும் கஞ்சா உங்கள் கரையில் போய் இறங்குகிறது. முறைப்படி எழுதிக் கேட்டால் மாசக்கணக்கில் இழுக்கும். “உங்கட டெல்லிக் கடிதம் எங்கட கொழும்புக்கு வந்து சேரேக்க, சாமான் புகையாப் போயிருக்கும் அக்கா” என்று சிரித்து நம்பரைக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் நீங்கள் படம் அனுப்புவீர்கள்; சாக்கையும் கயிற்றையும் பார்த்து நான் ஊரைச் சொல்வேன்.

பயிற்சி முடிந்த மறுநாள் சின்னமனூரில் எங்கள் கொடிக்காலுக்கு உங்களைக் கூட்டிப்போனேன். வெற்றிலைக் கொடிகளுக்குள் செருப்புக்கால் படக்கூடாது என்றதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டுக் கட்டிக் கிடந்தது. நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டீர்கள். “அக்கா, உங்களுக்குப் பின்னால ஆரோ நிக்கிற மாதிரிக் கிடக்கு.” திரும்பினேன். யாருமில்லை, ஒரு இலைகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் தம்பி எதிர்ப்பக்கமிருந்து வந்தான்.

வெற்றிலையை வாழைநாரால் கட்டி, முடிச்சுக்குள் ஒரு காம்பைச் செருகி உங்களிடம் நீட்டினான். “இது என்னத்துக்கு?” என்றீர்கள். “கண்ணு படாம இருக்கத்தான் சார். எங்கய்யா பழக்கம். இங்கன வேற யாரும் செய்யமாட்டாக” என்றான்.

ஆறு மாசம் கழித்து நீங்கள் அனுப்பிய படத்தில் கஞ்சாப் பொட்டலம். வாழைநார் முடிச்சு. அதற்குள் காய்ந்துபோன ஒரு காம்பு. பாழாய்ப்போனவன், பாவத்தைக் கட்டும்போதும் கைப்பழக்கத்தை விடவில்லை!

‘தெரியல சார், விசாரிச்சுச் சொல்றேன்’ என்று எழுதினேன். பச்சைப் பொய். ஒரே ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். “ஏலே, நெசத்தச் சொல்லு” என்று தம்பியைப் பிடித்து உலுக்கினேன். “இனிமே தொடமாட்டேன்க்கா, ஆத்தா மேல சத்தியம்” என்று அழுதான். நம்பினேன். அடுத்த சரக்கு ஏற்கெனவே கடற்கரைக்குப் போய்விட்டதை அவன் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் அதை ஏற்றி வந்த படகை மறிக்கப் போனீர்கள். உங்கள் படகின்மேல் மோதி ஏற்றிவிட்டார்கள். தண்ணீரில் மிதந்த கட்டுகளிலும் காம்பு இருந்ததா என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கேட்ட ஆளே போய்விட்டார், இனி யாருக்குப் பதில் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது சார். அந்தக் காம்பைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நீங்கள். அப்படியென்றால் படத்தை அனுப்பும்போதே உங்களுக்குத் தெரியும். நானாகச் சொல்லட்டும் என்றுதான் கேட்டீர்களா? இப்போதெல்லாம் கொடிக்காலுக்குள் தனியாக நின்றால், முதுகுக்குப் பின்னால் யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்றைய படத்திலும் காம்பு இருந்தது. தம்பியின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் உடனே எழுதி அனுப்பினேன். எங்கள் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லிவிட்டேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட அந்த ஒரு நாள் மட்டும் அப்படியே என்னிடம் இருக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுப்படியில் அம்மா தம்பிக்குச் சோறு போடுகிறாள். ஜீப் வரும் நேரம்.

“எக்கா, நீ சாப்பிடலயா?” என்கிறான்.

“நீ சாப்பிடுடா” என்றேன். “இன்னுங் கொஞ்சம் போட்டுக்க.”