வர மறுத்தார்

செவ்வாய், இரவு.

வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க இன்று டோல்கேட் பக்கம் போனேன். மீன் விற்கும் கன்னியம்மா அக்காவும் பக்கவாதம் வந்த அவர் கணவரும் அங்கே நடைபாதையில் தார்ப்பாய் கட்டி இருக்கிறார்கள். மாநகராட்சிக் காப்பகத்துக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அது பெண்களுக்கு மட்டும்.

“நான் வந்துட்டா அவர யாரும்மா தூக்கி உக்கார வெப்பா? ரெண்டு பேருக்கும் எடம் கீதான்னு சொல்லு, இப்பவே வரேன்” என்றார்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒப்புக்கொண்டார், மறுத்தார். அதிகாரிக்குப் போன் செய்து கேட்டேன்.

“மறுத்தாங்கன்னு போடும்மா. நாளைக்கு ஃபைல் மேல போகணும்.”

போட்டுவிட்டேன்.

சாயங்காலம்தான் தெரிந்தது. குடும்பங்களுக்குத் தனிக் காப்பகம் நடத்த டெண்டர் விடுவதா என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். மறுத்தவர்கள் அதிகமென்றால் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு நான் அப்படிப் போட்டேனோ.

அதிகாரிக்கு மறுபடி போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. காலையில் அவர் வருவதற்கு முன்பே ஆபீஸில் போய் நிற்க வேண்டும். கணவரோடு என்றால் அக்கா வருவார் என்று படிவத்தின் ஓரத்திலாவது எழுதிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும். ஃபைல் மட்டும் அதுவரை மேலே போகாமல் அங்கேயே இருக்க வேண்டும்.